ஒரே கம்பி, ஒரே சுற்று, வேறு அதிர்வெண்: காயிலின் உள் கெபாசிட்டன்ஸ்

1893 ஜூலையில் நிக்கோலா டெஸ்லா ஒரு காயிலுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1894 ஜனவரி 9 அன்று 512340 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. படத்தைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. தட்டையாகச் சுற்றிய ஒரு சுருள், அவ்வளவுதான். ஆனால் ஒரு கம்பிக்குப் பதிலாக இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றியிருக்கிறார். முதல் கம்பி முடிகிற முனையை, இரண்டாவது கம்பி தொடங்குகிற முனையோடு இணைத்திருக்கிறார். மின்னோட்டம் இரண்டு கம்பிகளிலும் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. மொத்தச் சுற்றுகளும் கம்பியின் நீளமும் சுருளின் அளவும் சாதாரணக் காயிலில் இருப்பவைதான். அதனால் தூண்டல் திறனும் (இண்டக்டன்ஸ்) கிட்டத்தட்ட அதேதான். ஆனாலும் அந்தச் சுருளின் ஒத்ததிர்வு அதிர்வெண், அதாவது அது இயல்பாக அதிரும் அதிர்வெண், பல மடங்கு கீழே இறங்கிவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால், காயிலின் உள் கெபாசிட்டன்ஸ் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் பாடப்புத்தகங்களில் இதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் சிறு சிறு மின்தேக்கிகளாகச் செயல்படும், அதனால் காயிலுக்கு ஒரு கெபாசிட்டன்ஸ் வந்துவிடும். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் முக்கியமான பாதி அதில் விட்டுப்போகிறது.

அடிப்படையை முதலில் பார்த்துவிடலாம். தூண்டல் திறனும் மின்தேக்குத்திறனும் (கெபாசிட்டன்ஸ்) ஓரிடத்தில் சேர்ந்தால் அங்கே ஒரு ஒத்ததிர்வு அதிர்வெண் உண்டு. இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதை 2 பை-ஆல் பெருக்கி, வந்ததைக் கொண்டு 1-ஐ வகுத்தால் அந்த அதிர்வெண். வெளியே மின்தேக்கி எதையும் மாட்டாமல் காயிலை மட்டும் மேசைமேல் வைத்தாலும் அதற்கென்று ஒரு அதிர்வெண் இருக்கிறது. அதைத்தான் தன் ஒத்ததிர்வு அதிர்வெண் என்கிறோம். அதற்குக் கீழே காயில் காயிலாக இருக்கும். அதைத் தாண்டினால் சர்க்யூட்டுக்கு அது மின்தேக்கியாகத் தெரியத் தொடங்கும். கெபாசிட்டன்ஸ் நான்கு மடங்கு கூடினால் அதிர்வெண் பாதியாகக் குறையும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இப்போது விட்டுப்போன பாதி. ஒரு மின்தேக்கியில் சேரும் ஆற்றல், அதன் இரு பக்கங்களுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. தகடுகள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம் என்றால் அங்கே எதுவும் சேராது. காயிலின் இரு முனைகளிலிருந்து பார்க்கும்போது தெரியும் கெபாசிட்டன்ஸ் என்பது, சுருளின் மின்புலத்தில் சேரும் மொத்த ஆற்றலுக்கு நாம் கொடுக்கும் ஒற்றை எண். ஆகவே இரண்டு கம்பிகள் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதோடு கேள்வி முடிவதில்லை. அந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் விடையை முடிவு செய்கிறது.

டெஸ்லா தன் காப்புரிமையிலேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியிருக்கிறார். 1,000 சுற்றுள்ள காயில், முனைகளுக்கு இடையே 100 வோல்ட். சாதாரணமாகச் சுற்றினால் பக்கத்துச் சுற்றுகளுக்கு இடையே 0.1 வோல்ட்தான் இருக்கும். இரட்டைக் கம்பியாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்தில் இருப்பது, கம்பிப் பாதையில் 500 சுற்று தள்ளி இருக்கிற சுற்று. எந்த இடத்தில் பார்த்தாலும் பக்கத்துக் கம்பியோடு 50 வோல்ட் வித்தியாசம். 0.1 எங்கே, 50 எங்கே! 500 மடங்கு. ஆற்றல் வர்க்கத்தில் போவதால் 250,000 மடங்கு. அந்தக் காலத்தில் உயர் அதிர்வெண் வேலைகளுக்கு மின்தேக்கி வாங்குவது பெரிய செலவு. அதைச் சுருளுக்குள்ளேயே அடக்கிவிட வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம்.

இந்த 250,000 இன்று இணையத்தில் வேறு வேடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. டெஸ்லாவின் காயில் 250,000 மடங்கு ஆற்றலைத் தருகிறது, ஒன்றும் செலவில்லாமல் மின்சாரம் எடுக்கலாம் என்றெல்லாம் வீடியோக்கள் வருகின்றன. ஆர்வத்தோடு கம்பி வாங்கிச் சுற்றும் மாணவர்கள் இதை நம்பி ஏமாறுவது வருத்தமாக இருக்கிறது. காப்புரிமை பேசுவது மின்புலத்தில் தேங்கும் ஆற்றலைப் பற்றி. அந்த ஆற்றலை நாம்தான் உள்ளே கொடுக்கிறோம். ஒவ்வொரு சுழற்சியிலும் அது காந்தப்புலத்துக்கும் மின்புலத்துக்கும் இடையே போய் வருகிறது. புதிதாக எதுவும் உண்டாவதில்லை.

அந்த எண்ணில் வேறொரு விஷயம் இருக்கிறது, அது இயற்பியல் சார்ந்தது. பக்கத்துச் சுற்றுகளின் கெபாசிட்டன்ஸ் மட்டுமே கணக்கு என்று வைத்துக்கொண்டால்தான் 250,000 வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 10 பிகோஃபாரட் என்று எடுத்துக்கொள்வோம். சாதாரணக் காயிலில் அவை 1,000 மின்தேக்கிகள் தொடர் இணைப்பில் இருப்பது போல. மொத்தம் 0.01 பிகோஃபாரட் ஆகிவிடும். இரட்டைக் கம்பிக் காயிலில் அதே 10 பிகோஃபாரட் 2,500 பிகோஃபாரட்டாக எழும்புகிறது. இந்த 2,500 நம்பக்கூடியது. ஆனால் 0.01 பிகோஃபாரட் மட்டுமே உள்ள ஒரு காயிலை யாரும் அளந்து பார்த்திருக்க முடியாது. கைக்கு அடங்கும் சாதாரணக் காயிலை அளந்தாலே சில பிகோஃபாரட் இருக்கும். அந்தச் சில பிகோஃபாரட் எங்கிருந்து வருகிறது?

வானொலித் துறையில் இந்தக் கேள்வி வெகுகாலம் தவறான விடையோடு இருந்தது. 1934-ல் பலெர்மோ என்பவர், பக்கத்துச் சுற்றுகளின் கெபாசிட்டன்ஸைத் தொடர் இணைப்பாகக் கொண்டே ஒற்றை அடுக்குக் காயிலுக்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார். அதன்படி கம்பிகளை இடைவெளி விட்டுச் சுற்றினால் கெபாசிட்டன்ஸ் நன்றாகக் குறைய வேண்டும். 1947-ல் மெட்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஏராளமான காயில்களை நிதானமாக அளந்து வயர்லெஸ் எஞ்சினியர் இதழில் முடிவுகளை வெளியிட்டார். அவர் அளந்த காயில்களில் சுற்றுகளுக்கு இடையே விடும் இடைவெளி முடிவை ஏறக்குறைய மாற்றவே இல்லை. எத்தனை சுற்று என்பதும் பெரிதாகப் பாதிக்கவில்லை. காயிலின் விட்டமும், நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமும்தான் முடிவு செய்தன.

அவருடைய விதி நினைவில் வைத்துக்கொள்ள எளிதானது. ஒரு முனை தரையோடு இணைந்த, நீளமும் விட்டமும் சமமான காயிலுக்கு, விட்டத்தை சென்டிமீட்டரில் எடுத்து 0.46-ஆல் பெருக்கினால் பிகோஃபாரட் கிடைக்கும். காயில் ஒல்லியாக நீண்டாலோ குட்டையாகப் பருத்தாலோ அந்த எண் மெல்ல ஏறும். நீளம் விட்டத்தைப் போல நான்கு மடங்கானாலும், நான்கில் ஒன்றானாலும் 0.6, 0.7 என்ற அளவில்தான் நிற்கும்.

ஒரு காயிலை எடுத்துப் பார்ப்போம். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு. அதில் 24 கேஜ் எனாமல் கம்பியை ஒட்ட ஒட்ட 77 சுற்று சுற்றினால் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடம் பிடிக்கும். தூண்டல் திறன் சுமார் 200 மைக்ரோஹென்றி. மெட்ஹர்ஸ்ட் விதிப்படி உள் கெபாசிட்டன்ஸ் 2.3 பிகோஃபாரட். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தன் ஒத்ததிர்வு அதிர்வெண் 7.4 மெகாஹெர்ட்ஸ் அருகே வருகிறது.

அதே காயிலை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 77 சுற்றுக் கம்பியைப் பிரித்து நீட்டினால் சுமார் 12 மீட்டர் இருக்கும். ஒளியின் வேகத்தில் போனாலும் மின் அலை அந்த 12 மீட்டரைக் கடக்க 40 நானோ நொடி ஆகும். ஒரு முனை தரையில் இருக்கும் 12 மீட்டர் கம்பி, கால் அலைநீளம் என்ற கணக்கில் சுமார் 6.2 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். 7.4, 6.2 இரண்டும் அருகருகே வருவது தற்செயலாக நடந்ததில்லை. காயிலின் தன் ஒத்ததிர்வு என்பது அடிப்படையில் கம்பி வழியே போய்த் திரும்பும் ஒரு அலை. சுற்றுகள் ஒன்றையொன்று காந்தப்புலத்தால் இழுத்துப் பிணைத்திருப்பதால் அலையின் வேகம் கொஞ்சம் மாறுகிறது, அதனால்தான் இரண்டு எண்களும் அப்படியே பொருந்துவதில்லை. அந்த அலையை, குறைந்த அதிர்வெண்ணில் இருந்து பார்க்கிற நாம், ஒரு தூண்டல் சுருளும் அதற்குப் பக்கவாட்டில் ஒரு சிறு மின்தேக்கியும் என்று சுருக்கி எழுதிக்கொள்கிறோம். வசதியான சுருக்கம்தான். ஆனால் அந்த 2.3 பிகோஃபாரட்டைக் காயிலுக்குள் எந்த மூலையில் தேடினாலும் ஒரு பொருளாகக் கையில் கிடைக்காது. அதே காயிலை எங்கும் தரையோடு இணைக்காமல் அந்தரத்தில் விட்டால் அது அரை அலைநீளக் கணக்குக்குப் போய்விடும், அதிர்வெண்ணும் மேலே ஏறிவிடும். மின்னழுத்தம் கம்பி நெடுகிலும் எப்படிப் பரவுகிறது என்பது மாறியதுதான் காரணம்.

ஒற்றை அடுக்கில் இவ்வளவு சின்னதாக இருக்கிற கெபாசிட்டன்ஸ், இரண்டாவது அடுக்கு சுற்றியவுடன் தாவிக் குதிக்கிறது. வானொலி செய்து பார்ப்பவர்கள் முதலில் இடறி விழுவது இங்கேதான். இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு அடுக்கு இடமிருந்து வலமாகவும், அதன்மேல் அடுத்த அடுக்கு வலமிருந்து இடமாகவும் சுற்றுகிறோம். திரும்புகிற முனையில் மேல் கம்பிக்கும் கீழ் கம்பிக்கும் மின்னழுத்த வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம். மறுமுனையில், காயிலின் முதல் சுற்றின் மேலேயே கடைசிச் சுற்று வந்து உட்காருகிறது. அங்கே முழு மின்னழுத்தமும் எனாமல் பூச்சின் தடிமனுக்குள் நிற்கிறது. இரண்டு அடுக்குகளையும் இரண்டு உருளைத் தகடுகளாக எண்ணி அவற்றுக்கு இடையே உள்ள கெபாசிட்டன்ஸைக் கணக்கிட்டால், முனைகளில் தெரிவது அதில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது அடுக்கைத் திருப்பிச் சுற்றாமல், கம்பியை மறுபடி இடப்பக்கம் கொண்டுவந்து அங்கிருந்தே தொடங்கினால் எல்லா இடத்திலும் பாதி மின்னழுத்தமே நிற்கும். அப்போது நான்கில் ஒரு பங்கு. கம்பியும் நெருக்கமும் அப்படியே இருக்க, சுற்றும் வரிசை மட்டுமே கெபாசிட்டன்ஸைக் கால் பங்கு குறைத்துவிடுகிறது.

அடுக்குகளுக்கு இடையே 300 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், திருப்பிச் சுற்றிய காயிலில் 100 பிகோஃபாரட் தெரியும். இதை ஒரு மீடியம் வேவ் ரேடியோவில் போட்டால் என்ன ஆகும்? நம் பக்கத்து மீடியம் வேவ் பட்டை 531-லிருந்து 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. உச்சிக்கும் அடிக்கும் விகிதம் சுமார் 3. அதிர்வெண் 3 மடங்கு மாற வேண்டுமானால் மொத்தக் கெபாசிட்டன்ஸ் 9 மடங்கு மாற வேண்டும். ட்யூனிங் குமிழோடு திரும்பும் மாறுமின்தேக்கியான கேங் கண்டன்சர் 10-லிருந்து 365 பிகோஃபாரட் வரை திரும்புகிறது என்றால், தனியாக அதற்கு 36 மடங்கு வீச்சு இருக்கிறது, தாராளம். காயிலும் வயரிங்கும் சேர்த்து 20 பிகோஃபாரட் கூடினால் 30-லிருந்து 385, கிட்டத்தட்ட 13 மடங்கு. இதுவும் போதும். 100 கூடினால் 110-லிருந்து 465. வெறும் 4.2 மடங்கு. அடிப்பக்கம் 531-க்குச் சரிசெய்தால் மேல்பக்கம் 1090 கிலோஹெர்ட்ஸ் தாண்டாது. 720-ல் சென்னையும் 936-ல் திருச்சியும் பட்டைக்குள் இருக்கும், 1269-ல் மதுரை வெளியே போய்விடும். காயிலில் சுற்றுகளைக் குறைத்தால் மேல்பக்கம் கிடைக்கும், கீழ்ப்பக்கம் போகும். குறைசொல்ல கேங்கிலும் ஒன்றுமில்லை, சுற்று எண்ணிக்கையிலும் ஒன்றுமில்லை. சுற்றிய விதம்தான் காரணம்.

1920-களின் ரேடியோக்களைத் திறந்து பார்த்தால் காணும் விதவிதமான காயில்களுக்கு இதுதான் விளக்கம். தேன்கூட்டுக் காயிலில் கம்பி சாய்வாக ஓடி, அடுத்த அடுக்குக் கம்பியைக் குறுக்காக வெட்டும். பக்கம் பக்கமாக ஒட்டிப் படுக்காமல் ஒவ்வொரு புள்ளியில் மட்டும் தொடும். மீதி எல்லாம் காற்று. சிலந்திவலைக் காயில் ஒரே தளத்தில் உள்ளிருந்து வெளியே விரியும், தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று தீண்டாது. வானொலி அலைகளைத் தடுக்கும் சோக் காயில்களை ஒரே உருண்டையாகச் சுற்றாமல், ஒரே தண்டில் மூன்று நான்கு சிறு வளையங்களாகப் பிரித்துச் சுற்றுகிறார்கள். மொத்த மின்னழுத்தம் துண்டு துண்டாகப் பங்குபோடப்படுவதால் எந்த இடத்திலும் பெரிய வித்தியாசம் நிற்காது. எல்லாவற்றிலும் ஒரே யோசனை: மின்னழுத்தத்தில் தூரமான சுற்றுகளை இடத்திலும் தூரமாக வை. டெஸ்லா செய்ததை அப்படியே தலைகீழாகத் திருப்பியது.

சரி, கையில் இருக்கிற காயிலின் உள் கெபாசிட்டன்ஸை எப்படி அளப்பது? மீட்டரை நேராக வைத்து அளக்க முடியாது, காயிலின் கம்பியே மீட்டருக்குக் குறுக்குப் பாதையாகிவிடும். பழைய முறை ஒன்று இன்றும் நன்றாக வேலை செய்கிறது. அளவு குறித்த மாறுமின்தேக்கி ஒன்றைக் காயிலோடு இணைத்து, ஒரு அதிர்வெண்ணில் ஒத்ததிர வையுங்கள். மின்தேக்கியின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதிர்வெண்ணைச் சரியாகப் பாதியாக்கி மறுபடி ஒத்ததிர வையுங்கள். பாதி அதிர்வெண்ணுக்கு மொத்தக் கெபாசிட்டன்ஸ் நான்கு மடங்கு வேண்டும். ஆனால் மாறுமின்தேக்கியின் அளவு நான்கு மடங்கைவிட அதிகமாகத்தான் தேவைப்படும், ஏனென்றால் காயிலின் பங்கு நான்கு மடங்காக வளரவில்லை. அந்த உபரியை 3-ஆல் வகுத்தால் காயிலின் உள் கெபாசிட்டன்ஸ். உதாரணமாக 1400 கிலோஹெர்ட்ஸுக்கு 49 பிகோஃபாரட், 700-க்கு 241 பிகோஃபாரட் என்றால், 49-இன் நான்கு மடங்கு 196. உபரி 45. விடை 15 பிகோஃபாரட். இதிலிருந்து தூண்டல் திறன் 202 மைக்ரோஹென்றி என்பதும், தன் ஒத்ததிர்வு 2.9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் என்பதும் வந்துவிடும். அதே காயிலைத் தனியே வைத்து நேரடியாக ஒத்ததிர்வைத் தேடினால் விடை கொஞ்சம் விலகும். அங்கே போகும்போது மின்னழுத்தம் கம்பி நெடுகிலும் சீராகப் பரவுவதில்லை. முன்னே சொன்ன அலைக் கணக்கு தலைகாட்டத் தொடங்கிவிடுகிறது.

இந்த அதிர்வெண்ணுக்கு வெகு கீழே வேலை செய்தாலும் அதன் நிழல் படும். ஒத்ததிர்வில் பத்தில் ஒரு பங்கு அதிர்வெண்ணில் காயிலின் தூண்டல் திறன் உள்ளதைவிட 1 சதவீதம் அதிகமாகத் தெரியும். பாதி அதிர்வெண்ணில் 33 சதவீதம் அதிகம். மீட்டர் குறைந்த அதிர்வெண்ணில் அளந்து 100 என்று காட்டிய காயில், சர்க்யூட்டில் 133 போல நடந்துகொள்வது இப்படித்தான். உற்பத்தியாளர்கள் தரவுத்தாளில் தன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைத் தனி வரியாகப் போடுவதும் இதற்காகவே. காயில் வாங்கும்போது தூண்டல் திறனுக்கு அடுத்து நான் பார்ப்பது அந்த வரியைத்தான்.

இன்னொன்று ஈரம். மின்புலம் கடந்து போகும் பொருள் காற்றா, எனாமலா, காகிதமா என்பதும் கெபாசிட்டன்ஸை மாற்றும். எனாமல் காற்றைவிடச் சுமார் 3, 4 மடங்கு. தண்ணீர் 80 மடங்கு. அட்டைக் குழாயில் சுற்றிய காயில் மழைக்காலத்தில் ஈரம் குடித்து அதிர்வெண் நழுவும். நழுவுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ட்யூனிங்கின் கூர்மை மழுங்குவதுதான் பெரிய இழப்பு. அதைத் தடுக்கத்தான் அந்தக் காலத்தில் அட்டையை மெழுகில் முக்கி எடுத்தார்கள்.

ரேடியோக்காரர்கள் இப்படிப் பிகோஃபாரட் பிகோஃபாரட்டாகக் குறைத்துக்கொண்டிருந்தபோது, பவர் டிரான்ஸ்ஃபார்மர் செய்தவர்களுக்கு நேர் எதிரான தேவை வந்தது. உயரழுத்தக் கம்பியில் இடி விழுந்தால் மைக்ரோ நொடி அளவில் மின்னழுத்தம் உச்சிக்கு ஏறுகிறது. சோதனைக்கூடத்தில் இதற்கென்று வைத்திருக்கும் அலையே 1.2 மைக்ரோ நொடியில் ஏறி 50 மைக்ரோ நொடியில் பாதியாக இறங்கும். அந்த முதல் கணத்தில் வைண்டிங்கின், அதாவது டிரான்ஸ்ஃபார்மர் சுருளின், தூண்டல் திறன் மின்னோட்டத்தை உள்ளே விடாது. மின்னழுத்தம் எப்படிப் பங்காகும் என்பதைக் கெபாசிட்டன்ஸ்கள் மட்டுமே தீர்மானிக்கும். வைண்டிங்கிலிருந்து தரைக்குப் போகும் கெபாசிட்டன்ஸ் ஒரு பக்கம், வைண்டிங் நெடுகிலும் சுற்றுக்குச் சுற்று இருக்கும் தொடர் கெபாசிட்டன்ஸ் இன்னொரு பக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 10 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடியின் மின்னழுத்தத்தில் சுமார் 63 சதவீதம் வைண்டிங்கின் முதல் பத்தில் ஒரு பங்கிலேயே விழும். கம்பியைத் தட்டையான வட்டுகளாகச் சுற்றி அடுக்கிய சாதாரண வட்டு வைண்டிங்குகளில் இது நடக்கக்கூடிய எண்தான். உள்ளே மீதி 90 சதவீதம் நிம்மதியாக இருக்க, வாசலில் நிற்கும் சில சுற்றுகளின் இன்சுலேஷன் கிழியும்.

தரைக்குப் போகும் கெபாசிட்டன்ஸைப் பெரிதாகக் குறைக்க வழியில்லை. தொட்டியும் இரும்பு உள்ளகமும் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். ஆகவே தொடர் கெபாசிட்டன்ஸை ஏற்ற வேண்டும். 1950-ல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர்கள் இதற்கு ஒரு வைண்டிங்கை முன்வைத்தார்கள். வட்டுகளை ஜோடி ஜோடியாக எடுத்து, வட்டுக்குப் பத்துச் சுற்று என்று வைத்துக்கொண்டால், 1-ஆம் சுற்றுக்குப் பக்கத்தில் 2-ஆம் சுற்றை வைக்காமல் 11-ஆம் சுற்றை வைப்பது, அதன் பக்கத்தில் 2, அப்புறம் 12 என்று ஊடும் பாவுமாகக் கோத்துச் சுற்றுவது. பக்கத்தில் இருக்கும் கம்பிகளுக்கு இடையே ஒரு சுற்றின் மின்னழுத்தம் இருந்த இடத்தில் பத்துச் சுற்றின் மின்னழுத்தம் வந்து நிற்கிறது. தொடர் கெபாசிட்டன்ஸ் பல மடங்கு ஏறி, இடியின் மின்னழுத்தம் உள்ளே வரை பரவிப் போகிறது. 1893-இல் டெஸ்லா வரைந்த அந்தத் தட்டைச் சுருளின் யோசனையேதான் இது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் இன்றும் இந்த வைண்டிங் இருக்கிறது. பக்கத்துக் கம்பிகள் எப்போதும் அதிக மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் சுற்றுக்குச் சுற்று காகிதம் கூடுதலாக வேண்டும், கோத்த இடங்களில் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைக்க வேண்டும், ஆள்கூலியும் நாளும் ஏறும். அதனால் பல வடிவமைப்புகளில் உயரழுத்தக் கம்பி வந்து சேரும் லைன் முனையை ஒட்டிய சில வட்டுகளை மட்டும் இப்படிக் கோத்துவிட்டு, மீதியைச் சாதாரணமாகவே சுற்றிவிடுகிறார்கள்.